மூர் மார்க்கெட்டுக்கு ஒரு நினைவுச் சின்னம்: எந்த உலோகத்தில், எந்த முறையில்?

சென்ட்ரல் ரயில் நிலையம், ரிப்பன் மாளிகை, உயர் நீதிமன்றம். சென்னையின் பழைய கட்டடங்களைச் சிறிய உலோக உருவமாகச் செய்து விற்கும் கடைகளில் இந்த மூன்றும் எப்போதும் கிடைக்கும். மூர் மார்க்கெட் கிடைக்காது. காரணம் எளிது. மற்ற மூன்றும் நிற்கின்றன, பார்த்துவிட்டு வருகிறவர்கள் வாங்குகிறார்கள். மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று எரிந்துபோனது. அந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம் வந்துவிட்டது. நிலையத்துக்கு 'மூர் மார்க்கெட் வளாகம்' என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தினமும் அந்த வழியாகப் போய்வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மார்க்கெட் எங்கே இருந்தது என்றே தெரியாது.

அந்த மார்க்கெட்டில் புத்தகம் வாங்கி வளர்ந்த சிலர் சேர்ந்து, அதன் நினைவாக ஒரு சின்னம் செய்து கொள்ளலாம் என்று பேசிவருகிறோம். கிட்டத்தட்ட நூறு உருப்படிகள் வேண்டும். எங்களுக்குள் பகிர்ந்துகொள்ள, அங்கே கடை வைத்திருந்தவர்களின் குடும்பங்களுக்குக் கொடுக்க. உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். ஜன்னலில் தொங்கவிடலாம், புத்தக அலமாரியில் சாத்தி வைக்கலாம், கொலுப்படியிலும் வைக்கலாம் என்ற மாதிரி இருக்க வேண்டும். ஓய்வூதியம் வாங்கும் ஒருவர் தயங்காமல் இரண்டு வாங்கக்கூடிய விலையில் இருக்க வேண்டும். இதற்கு என்னென்ன வழிகள் உண்டு என்று விசாரித்ததில் ஐந்து வழிகள் தேறின. எதை ஏன் ஒதுக்குகிறேன், எதை ஏன் தேர்ந்தெடுப்பேன் என்று எழுதிவைக்கிறேன். வேறொரு ஊரில் வேறொரு பழைய சந்தைக் கட்டடத்துக்காக யாராவது இதையே யோசித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் உதவும்.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரிப்பன் மாளிகையின் உருவத்தில் ஒரு ஜன்னல் குறைந்தாலும் பரவாயில்லை. சந்தேகம் வந்தால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மூர் மார்க்கெட்டுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. நாம் செய்து கொடுப்பதைப் பார்த்துத்தான் ஒரு பேரப்பிள்ளை 'மூர் மார்க்கெட் இப்படித்தான் இருந்தது' என்று மனத்தில் பதித்துக்கொள்ளும். அதனால் என் முதல் அளவுகோல் உண்மைத்தன்மை. அழகு, பளபளப்பு, விலை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எதைக் காட்டப்போகிறோம்?

பாப்ஹாம் பிராட்வேயில் இருந்த பழைய சந்தை நெரிசலும் சுகாதாரக் கேடுமாக இருந்ததால் அதற்கு மாற்றாகக் கட்டப்பட்டதுதான் மூர் மார்க்கெட். 1898-இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் அடிக்கல் நாட்டினார். 1900-இல் ஏ. சுப்பிரமணிய ஐயர் கட்டி முடித்தார். இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கூறுகள் கலந்த இந்தோ-சாரசெனிக் பாணி. சிவப்புச் செங்கல், வரிசையாக வளைவுகள், நடுவில் முற்றம், அதைச் சுற்றி நாற்கரமாகக் கடைகள். ஒரு பக்கம் ரிப்பன் மாளிகையும் விக்டோரியா பப்ளிக் ஹாலும், இன்னொரு பக்கம் சென்ட்ரல். பின்னால் பீப்பிள்ஸ் பார்க். மிருகக்காட்சி சாலை வண்டலூருக்குப் போகும் முன் அந்தப் பூங்காவில்தான் இருந்தது. மிருகங்களைப் பார்க்க அழைத்துவரப்பட்ட பிள்ளைகள் திரும்பும்போது மார்க்கெட்டுக்குள் நுழைவது அந்தக் காலத்துச் சென்னைக் குடும்பங்களின் வழக்கம்.

சின்னம் செய்கிறவருக்கு இதில் முக்கியமானது ஒன்றுதான்: கட்டடம் நீளமானது, உயரம் குறைவு. ரிப்பன் மாளிகை என்றால் நடுக்கோபுரம் கண்ணைப் பிடித்துக்கொள்ளும், வட்டப் பதக்கத்துக்குள்ளும் அழகாக அமரும். மூர் மார்க்கெட்டை வட்டத்துக்குள் வைத்தால் மேலும் கீழும் வெற்றிடம்தான் மிஞ்சும். அந்த வெற்றிடத்தை நிரப்ப ஆளாளுக்குப் பூவேலை, மயில், இலைக்கொடி என்று சேர்ப்பார்கள். அதோடு கட்டடம் போச்சு. அதனால் வட்டம் வேண்டாம், நீள்சதுரம்தான். 8 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம்.

முகப்பு முழுவதையும் அந்த 8 சென்டிமீட்டருக்குள் திணிப்பதும் சரிப்படாது. ஒவ்வொரு வளைவும் நெல்மணி அளவுக்குச் சுருங்கிவிடும். வாசலும் அதன் இருபுறமும் சில வளைவுகளும் மட்டும் போதும். அங்கே போய்ப் பழகியவர்களுக்கு நினைவில் இருப்பதும் அவ்வளவுதான். முழு முகப்பையும் நின்று நிதானமாகப் பார்த்தவர்கள் குறைவு. வளைவின் நிழலில் குவிந்திருந்த புத்தகங்களைப் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. என் அப்பா பேரம் பேசத் தொடங்கினால் நான் வளைவுத் தூணில் சாய்ந்துகொண்டு, அட்டை கிழிந்த கதைப்புத்தகம் எதையாவது அங்கேயே படித்து முடித்துவிடுவேன். வெயில் வெளியே, புத்தகம் உள்ளே. நடுவில் அந்த வளைவு.

ஆகவே என் இரண்டாவது அளவுகோல்: வளைவு திறப்பாகவே இருக்க வேண்டும். அதன் வழியே அந்தப் பக்கம் தெரிய வேண்டும். ஐந்து வழிகளையும் பெரும்பாலும் தீர்மானித்தது இந்த ஒரு நிபந்தனைதான்.

ஜிங்க் அலாய் வார்ப்பு

பரிசுப்பொருள் செய்பவர்களிடம் போனால் முதலில் காட்டுவது இதைத்தான். துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் ஊற்றி, மேலே பித்தளை நிறத்திலோ 'ஆண்டிக்' என்று சொல்லும் மங்கலான கருப்பிலோ முலாம் பூசித் தருகிறார்கள். இந்தக் கலவை 400 டிகிரி செல்சியஸுக்குள்ளாகவே உருகிவிடுவதால் அச்சு நீண்ட நாள் உழைக்கும், ஆயிரக்கணக்கில் வார்க்கலாம். ஆயிரக்கணக்கில் என்பதுதான் சிக்கல். எஃகு அச்சு வெட்டும் செலவை நூறு உருப்படிகளின் தலையில் ஏற்றினால் விலை எங்கோ போய்விடும். ரப்பர் அச்சைச் சுழற்றி வார்க்கும் முறையில் சிறிய எண்ணிக்கைக்கும் செய்வார்கள். ஆனால் அதில் ஓரங்கள் மழுங்கிப்போகும்.

விலையைவிட எனக்கு மனம் விட்டுப்போனது வேறொரு காரணத்தால். ஒரு கடையில், "ரிப்பன் பில்டிங் டை ரெடியா இருக்கு சார், நடுவுல இருக்கிற டவரை எடுத்துட்டா உங்க மார்க்கெட் மாதிரி ஆயிடும்" என்றார்கள். வெள்ளைக் கட்டடத்தின் கோபுரத்தை வெட்டிவிட்டால் சிவப்புக் கட்டடம் ஆகிவிடும் என்ற அந்தச் சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நூறு வீடுகளில் அது உட்கார்ந்துவிட்டால் அப்புறம் யார் வந்து திருத்துவார்கள்?

முலாமும் நிற்காது. கைபடும் இடங்களில் சில வருடங்களில் தேய்ந்து, அடியில் இருக்கும் சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும். சாவிக்கொத்துக்குச் சரி. நினைவுச் சின்னத்துக்கு வேண்டாம்.

வெள்ளி

வெள்ளி நாணயம் மாதிரி அடித்துவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. எஃகு அச்சில் அழுத்தி அடிக்கும்போது கிடைக்கும் கூர்மை மற்ற எந்த முறையிலும் கிடைக்காது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் 8-க்கு 5 சென்டிமீட்டர் தகடு ஒரு மில்லிமீட்டர் கனத்தில் இருந்தாலே 42 கிராம் வெள்ளி ஆகிவிடும். இன்றைய வெள்ளி விலையில் அது நாங்கள் நினைக்கும் ஆட்களுக்கு எட்டாது. சின்னதாக்கி நாணய அளவுக்குக் கொண்டுவந்தால் வளைவுகள் கீறல்களாகிவிடும். இன்னொன்றும் இருக்கிறது. நம் வீடுகளில் வெள்ளியை அலமாரியில் வைக்க மாட்டோம், பீரோவில் பூட்டுவோம். பூட்டி வைக்கிற நினைவுச் சின்னத்தால் யாருக்கு என்ன பயன்?

சுவாமிமலை வார்ப்பு

இதை ஒதுக்க எனக்கு மனமே வரவில்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சுவாமிமலையில் இன்றும் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவம் பிடித்து, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் கருக்கட்டி, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண் ஓட்டை உடைத்தால்தான் உருவம் வெளிவரும். ஒரு கருவுக்கு ஓர் உருவம். ஒவ்வொன்றும் தனிப்பிறவி.

ஆனால் ஸ்தபதிகளின் பயிற்சி முழுவதும் உடலைச் சார்ந்தது. தென்னை ஓலைக் கீற்றை உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி, அதை மடித்து மடித்து முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று தாளக் கணக்கில், அதாவது சிற்ப சாஸ்திர அளவுமுறையில், பிரிப்பார்கள். இடுப்பின் ஒசிவும் விரலின் முத்திரையும் அவர்கள் கையில் உயிர்பெறும். நேர்க்கோடும் செங்கோணமும் ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும் வளைவுகளும் வேறு வகை வேலை. மெழுகில் ஒரு சதுர முனையைக் கூர்மையாக வைத்திருப்பது கஷ்டம். ஒரே மாதிரி பத்து வளைவுகளை மெழுகில் இழைத்தால் பத்தும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். தெய்வ உருவில் அந்த மாற்றம் அழகு. கட்டடத்தில் அது சாய்ந்த சுவராகத் தெரியும்.

எடையும் இருக்கிறது. 8-க்கு 5 சென்டிமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வார்த்தால் 350 கிராம் வரை வரும். தொங்கவிட முடியாது, மேசையில்தான் வைக்க வேண்டும். காகிதப் பாரமாக நன்றாக இருக்கும். வளைவுகளைத் திறப்பாக விட்டால் அந்தக் குறுகிய இடங்களில் மண் உடைந்து உலோகம் புகுந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து அதிகம். அடைத்ததை அரத்தால் குடைந்து எடுக்க ஒவ்வொன்றுக்கும் நாள் கணக்கில் வேலை பிடிக்கும். நூறு உருப்படிகளுக்கு இது ஆகாது. அவர்களுடைய உழைப்புக்கு நியாயமான கூலி கொடுத்தால் எங்கள் விலைக்குள் அடங்காது, விலைக்குள் அடக்கினால் அது நியாயமான கூலியாக இருக்காது.

தஞ்சாவூர்த் தட்டு

தமிழ்நாட்டில் யாருக்காவது நினைவுப்பரிசு கொடுப்பதென்றால் முதலில் நினைவுக்கு வருவது தஞ்சாவூர்த் தட்டுதான். பணி ஓய்வு, ஆண்டு விழா, கட்டடத் திறப்பு எதுவானாலும் பொன்னாடைக்கு அடுத்து அதுதான் வரும். இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் தோன்றிய கலை என்று சொல்லப்படுவது. புவிசார் குறியீடும் பெற்றது. நிறுவனங்களின் சின்னத்தை நடுவில் பொறித்துத் தரும் பழக்கம் ஏற்கனவே இருப்பதால், கட்டடம் என்றாலும் தயங்க மாட்டார்கள்.

அதன் வேலைமுறையைக் கிட்ட இருந்து பார்த்தால் மரியாதை கூடும். அடித்தட்டு பித்தளையிலோ செம்பிலோ தனியாகத் தயாராகிறது. மெல்லிய வெள்ளித் தகட்டை உலோக அச்சின் மேல் வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி உருவத்தைப் புடைக்க வைக்கிறார்கள். புடைத்த உருவத்தின் பின்பக்கம் குழியாக இருக்கும் அல்லவா, அதை மெழுகுக் கலவையால் நிரப்புகிறார்கள், இல்லாவிட்டால் விரல் அழுத்தத்திலேயே நசுங்கிவிடும். பிறகு அடித்தட்டில் பொருத்தி ஓரங்களைத் தட்டி இறுக்குகிறார்கள். பாத்திரம் செய்யும் கன்னார் வேலையும் நகைவேலையும் ஒரே பொருளில் சந்திக்கும் இடம் அது.

புடைப்புதான் இந்தக் கலையின் பலம். மூர் மார்க்கெட் விஷயத்தில் அதுவே தடையாகிறது. தட்டில் எல்லாமே வெளியே புடைத்து நிற்கும். நமக்கு வேண்டியது உள்ளே போகும் இருட்டு. வளைவின் விளிம்பைப் புடைக்க வைக்கலாம், ஆனால் உள்ளே அடித்தட்டு பளபளவென்று மூடிக்கொண்டு நிற்கும். கதவைச் சாத்திய மார்க்கெட் மாதிரி ஆகிவிடும். புதுக்கட்டடத்துக்குப் புது அச்சு வெட்ட வேண்டும் என்பதும் உண்டு. கையளவுக்கு மிகச் சிறியதாகச் செய்தால் வெள்ளித் தகடு அந்த நுணுக்கத்துக்கு இழையாமல் கிழியும். பெரிதாகச் செய்தால் அழகு. பெரிதாக நூறு செய்வது முடியாத காரியம். இதைப் பற்றிக் கடைசியில் மறுபடி சொல்கிறேன்.

எச்சிங்

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட ஊர்க்கட்டடங்களின் உருவத்தை மெல்லிய பித்தளைத் தகட்டில் செய்து விற்பது பெரிய வழக்கம். வெள்ளை மாளிகை வரலாற்றுச் சங்கம் 1981 முதல் ஆண்டுக்கு ஒன்றாக இப்படி வெளியிட்டு வருகிறது. அதைப் பார்த்துச் சின்னச் சின்ன ஊர்களும் தங்கள் நீதிமன்றம், நூலகம், பழைய சந்தைக் கூடம் என்று செய்துகொள்கின்றன. பொன்முலாம் பூசிய, சல்லடைபோல் துளையிட்ட மெல்லிய தகடு. அதைச் செய்யும் முறைதான் ரசாயன அரிப்பு, தொழிலில் எச்சிங் என்பார்கள். நம் ஊருக்கும் அது புதிதல்ல. வாசலில் மாட்டும் பித்தளைப் பெயர்ப்பலகையும் மின்னணுச் சாதனங்களுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டும் இதே முறையில்தான் செய்யப்படுகின்றன.

வேலை இப்படி நடக்கும். தகட்டை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, ஒளிபட்டால் இறுகும் படலத்தை இரு பக்கமும் ஒட்டுவார்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஃபிலிமாக எடுத்து, முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று வைத்து, புற ஊதா ஒளி காட்டுவார்கள். ஒளிபடாத இடத்துப் படலம் கழுவினால் போய்விடும். பிறகு ஃபெர்ரிக் குளோரைடு கரைசலைப் பீய்ச்சினால், படலம் இல்லாத இடத்து உலோகத்தை அது அரித்துக்கொண்டே போகும். இரு பக்கத்திலும் திறந்துவிட்ட இடத்தில் முழுத் துளை விழும். ஒரு பக்கம் மட்டும் திறந்துவிட்டால் பாதி ஆழத்துக்குப் பள்ளம் விழும்.

வளைவுகள் முழுத் துளை. செங்கல் வரிசை பாதிப் பள்ளம். நமக்கு வேண்டிய இரண்டும் ஒரே முழுக்கில் கிடைத்துவிடுகின்றன. சுத்தியலும் இல்லை, அச்சும் இல்லை, ஃபிலிம் மட்டும்தான். அதனால் நூறு செய்தாலும் இருநூறு செய்தாலும் தொடக்கச் செலவு தாங்கக்கூடியதாக இருக்கிறது. படத்தில் கோடு எப்படி இருக்கிறதோ அப்படியே தகட்டில் இறங்கும். நூறாவது உருப்படியும் முதல் உருப்படியும் ஒன்றே. உண்மைத்தன்மை என்ற என் முதல் அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. தவறு வந்தால் படம் வரைந்தவரின் தவறாகத்தான் இருக்கும், அதைத் தகடு வெட்டும் முன்பே காகிதத்தில் பிடித்துவிடலாம்.

குறை இல்லாமல் இல்லை. தகடு தட்டையானது. அரை மில்லிமீட்டர் கனத்தில் வெறும் ஓவியமாகத் தெரியும், கட்டடமாகத் தெரியாது. இதற்குத் தீர்வு இரண்டு அடுக்கு. முன் தகட்டில் வளைவு வரிசை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பின் தகட்டில் உள்ளே தெரியும் கடைகள்: அடுக்கிய புத்தகங்களின் முதுகு, தொங்கும் பறவைக் கூண்டு, ஒரு கிராமபோன் குழல். பழைய புத்தகத்துக்குப் பேர்போன இடம் என்றாலும் கிளியும் முயலும் இசைத்தட்டும் பழைய சாமான்களும் அங்கே வாங்கியவர்கள் ஏராளம். தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் முன் வளைவு நகர்ந்து பின்னால் இருக்கும் பொருள் கண்ணில் படும். ஐந்து வழிகளில் வளைவுக்குள் எட்டிப் பார்க்க விடுவது இது ஒன்றுதான்.

இரண்டு தகடுகளை ஒட்டுவதற்குப் பசை வேண்டாம். சென்னை வெக்கையில் சில கோடைகள் தாண்டினால் பசை விட்டுவிடும். தகட்டின் ஓரத்திலேயே சின்னக் காதுகள் விட்டு வெட்டி, மடித்து மாட்டிக்கொள்ளும்படி செய்யலாம். மடிக்க வேண்டிய கோட்டில் பாதிப் பள்ளம் விட்டால் கையாலேயே நேராக மடியும்.

எச்சிங்குக்கு ஒரு சட்டம் உண்டு: தகட்டின் கனத்தைவிடச் சிறிய துளை விழாது. அரை மில்லிமீட்டர் தகட்டில் குறைந்தது 0.6 மில்லிமீட்டர் துளை வைக்க வேண்டும். வளைவுக்குள் இருக்கும் சின்னச் சின்ன வேலைப்பாடுகளை எல்லாம் துளையாகக் கேட்டால் குழம்பிப்போகும். அவற்றைப் பள்ளமாக விட்டுவிட வேண்டும். இதை வரைகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் திரையில் அழகாக இருக்கும் படம் தகட்டில் அரைகுறையாக வரும்.

வீட்டிலேயே செய்யலாமே என்று இளைஞர்கள் கேட்பார்கள். ஒன்றிரண்டுக்குச் செய்யலாம்தான். ஆனால் அரித்த கரைசலில் செம்பு கரைந்திருக்கும், அதைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. கழிவை முறைப்படி சுத்திகரிக்கும் பட்டறையாகப் பார்த்துக் கொடுப்பதே நல்லது. விசாரிக்கும்போது விலையோடு அதையும் கேளுங்கள்.

பித்தளையா, செம்பா?

முறை முடிவானபின் உலோகத்தில் எங்களுக்குள் இரண்டு கட்சி. பெரும்பாலோர் பித்தளை என்றார்கள். பொன் நிறம், விறைப்பு அதிகம், வளையாது, வழக்கமும் அதுதான். நான் செம்பு என்கிறேன்.

மூர் மார்க்கெட் சிவப்பு. அதைப் பார்த்தவர் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது நிறத்தைத்தான். பொன் நிறத்தில் வளைவு வரிசையைச் செய்தால் அரண்மனை போலவோ கல்யாண மண்டபத்துப் பரிசு போலவோ இருக்கும். அது சந்தை. பத்துக் காசுக்கும் இருபது காசுக்கும் பேரம் நடந்த இடம். செம்பை லேசாகக் கறுக்கவிட்டு, மேடான இடங்களை மட்டும் தேய்த்து எடுத்தால் வெயில் பட்ட செங்கல்லின் நிறம் வந்துவிடும். செங்கல் வரிசையின் பள்ளத்தில் கறுப்பு தங்கிவிடுவதால் சாந்து பூசிய கோடுபோல் தெரியும். பெயின்ட் வேண்டாம், எனாமல் வேண்டாம், உலோகமே நிறத்தைக் கொடுக்கிறது.

செம்பு வளையும் என்ற ஆட்சேபணை நியாயமானது. அதனால்தான் பின் தகட்டைப் பித்தளையில் போடலாம் என்கிறேன். முன்னால் செம்பு வளைவு, பின்னால் பித்தளைக் கடைகள். விறைப்பைப் பித்தளை பார்த்துக்கொள்ளும். சிவப்பு வளைவுக்குள்ளிருந்து மஞ்சள் மினுக்கும்போது, சாயங்காலம் கடைகளில் விளக்குப் போட்டது தெரியும். இரண்டு தகடும் சேர்ந்து துளைகள் போக 30 கிராம் சுற்றித்தான் வரும். நூல் கட்டித் தொங்கவிடலாம்.

எரிந்த கட்டடம் என்பதால் செம்பை நெருப்பில் காட்டி, நீலமும் ஊதாவும் படர விட்டு 'தீயின் நினைவு' என்று செய்யலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கட்டடம் 85 வருடங்கள் நின்றது, எரிந்தது ஒரு நாள். கடையையும் சரக்கையும் இழந்தவர்களின் வீட்டுச் சுவரில் தீயைத் தொங்கவிட எனக்குச் சம்மதமில்லை. நண்பரும் யோசித்துவிட்டுச் சரி என்று விட்டுவிட்டார்.

எழுத்தும் படமும்

'மூர் மார்க்கெட் 1900–1985' என்ற ஒரு வரி போதும். கீழே செய்தவர் பெயர், எங்கள் பெயர் எதுவும் வேண்டாம். அந்த வரி தமிழில் இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் எழுத்தை முழுத் துளையாக வெட்டச் சொல்லிவிடாதீர்கள். 'கெ'-யின் கொம்பில் இருக்கும் சுழிக்குள் உள்ள சின்னப் புள்ளி எதனோடும் ஒட்டியிருக்காது, அரிப்பில் விழுந்துவிடும். 'மூ'-வின் சுழிக்கும் அதே கதிதான். ஸ்டென்சில்போலப் பாலம் வைத்து வெட்டினால் எழுத்து முறிந்த மாதிரி தெரியும். பாதிப் பள்ளமாக எழுதி, பள்ளத்தில் கறுப்பைத் தங்கவிட்டால் தெளிவாகப் படிக்கலாம். மெய்யெழுத்தின் புள்ளியையும் கொஞ்சம் பெரிதாகவே வையுங்கள். 'ர்', 'க்', 'ட்' என்று நான்கு புள்ளிகள் வருகிற பெயர் இது, புள்ளி தொலைந்தால் பெயரே தொலைந்துவிடும்.

படத்துக்கு மூலம், பழைய தபால் அட்டைகளும் புகைப்படங்களும்தான். இந்தியச் சட்டப்படி இப்போது புகைப்படத்துக்கு, எடுத்தவர் காலமான பிறகும் 60 வருடம் காப்புரிமை உண்டு. ஆரம்ப காலத்துத் தபால் அட்டைகளை அந்தத் தடை கட்டுப்படுத்தாது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் யாராவது எடுத்து வெளியிட்ட படமென்றால் அவரிடமோ குடும்பத்தினரிடமோ கேட்டுவிட்டே பயன்படுத்த வேண்டும். எந்தப் படமானாலும் ஒன்றை மட்டும் நம்பி வரையக் கூடாது. சாய்கோணத்தில் எடுத்த படத்தை நேர்முகமாக மாற்றும்போது வளைவின் அகலம் மாறிவிடும். இரண்டு மூன்று படங்களை வைத்துச் சரிபார்த்து, வரைந்ததை அங்கே கடை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் காட்டி, அவர் தலையசைத்த பிறகே ஃபிலிமுக்குப் போக வேண்டும். அல்லிக்குளம் பக்கம் இடம் மாறிப்போன கடைக்காரர்களின் குடும்பங்களில் இன்னும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இதில் அவசரப்படுவதற்கு இடமே இல்லை.

புத்தகக் குறியாகச் செய்துவிட்டால் என்ன என்ற யோசனையும் வந்தது. ஒரே ஒரு வளைவை நெட்டுக்குத்தாக வைத்து, 0.2 மில்லிமீட்டர் தகட்டில். புத்தகச் சந்தைக்குப் புத்தகக் குறி, கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் மூர் மார்க்கெட்டில் வாங்கிய புத்தகங்கள் எல்லாம் இப்போது பழுப்பேறி, தொட்டால் ஓரம் உதிர்கிற நிலையில் இருக்கின்றன. உலோக ஓரம் அந்தத் தாளை வெட்டும். அந்தப் புத்தகங்களுக்கு நல்ல காகிதத் துண்டே போதும்.

கடைசிப் பூச்சு

கடற்காற்று உள்ள ஊரில் செம்பும் பித்தளையும் சும்மா இருக்காது. பூச்சு இல்லாமல் விட்டால் ஒரு மழைக்காலத்துக்குள் கறுத்து, அங்கங்கே பச்சைக் களிம்பு பூக்கும். கறுக்கவிட்டுத் தேய்த்த நிறத்தை அப்படியே நிறுத்த வார்னிஷ் மாதிரியான மங்கலான லேக்கர் பூச்சு கட்டாயம் வேண்டும். பளபள லேக்கர் வேண்டாம், செங்கல் ஈரமாக இருப்பதுபோல் காட்டும். பொன்முலாம் கேட்டாலும் தருவார்கள், சிவப்புக்காக இவ்வளவு பாடுபட்ட பிறகு அதற்கு அர்த்தமில்லை.

உறையோடு ஒரு சின்னச் சீட்டும் வைக்க வேண்டும்: 'புளி, எலுமிச்சை, பீதாம்பரி எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். உலர்ந்த மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும்.' நம் வீடுகளில் செம்பைக் கண்டதும் கை தானாகப் புளிக்குத்தான் போகும். ஒரு ஆடிப் பதினெட்டுக்கோ பொங்கலுக்கோ யாராவது நல்ல மனத்தோடு தேய்த்துவிட்டால் லேக்கரும் போகும், நிறமும் போகும்.

நூறும் செய்வதற்கு முன் இரண்டு மாதிரி செய்து வாங்குங்கள். ஒன்றை ஜன்னலில் வெயில் படும்படியும் இன்னொன்றைச் சமையலறைப் பக்கமும் ஒரு மாதம் தொங்கவிடுங்கள். பூச்சு நிற்கிறதா, காது மடிப்பு தளர்கிறதா, பின் தகட்டில் இருக்கும் புத்தகங்கள் எட்ட நின்றால் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

தஞ்சாவூர்த் தட்டைப் பற்றி மறுபடி சொல்கிறேன் என்றேன் அல்லவா. நூறு சின்னங்களுக்கு அது ஒத்துவராது. ஆனால் கடைக்காரர்கள் கூடும் ஏதாவது பொது இடத்திலோ ஒரு நூலகத்திலோ மாட்டுவதற்கு ஒன்றே ஒன்று, இரண்டடி அகலத்தில், நீள்சதுரமாகச் செய்யச் சொல்லலாம். அந்த அளவில் முழு முகப்பும் கொள்ளும், வெள்ளித் தகடும் இழையும், தட்டுகிறவரின் கைத்திறனும் தெரியும். வளைவின் உட்புறத்தில் மட்டும் அடித்தட்டைச் செம்பாக விட்டு, அதைக் கறுக்கவிடச் சொல்ல வேண்டும். அதற்கான செலவை நூறு சின்னங்கள் விற்றுவரும் காசிலிருந்து ஒதுக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறோம்.